பத்திரிகையைப் பிரித்த பிரமிளா

சுங்காய் தோட்டத்தில் பிறந்த பிரமிளாவுக்கு ஈப்போவில் கைப்பேசி பழுது பார்க்கும் வேலை. திரையும் பேட்டரியும் மாற்றிச் சலித்துப்போனவள், யாரோ எழுதி மூடிவைத்த செயலியைப் பிரித்து, அது உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று படிக்கும் வித்தையைத் தானே கற்றுக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் ஓடுவதும் சரி, கணினியில் ஓடுவதும் சரி, விடமாட்டாள். பாடமெல்லாம் ஆங்கில வீடியோ. பாதி புரியும், மீதிக்கு முருகன் துணை.

அந்த வெள்ளிக்கிழமை, கோயிலில் பூக்கட்டும் அவளுடைய அத்தை இருளாயி அழுதுகொண்டே கடைக்கு வந்தார். அவர் எண்ணிலிருந்து ஊருக்கெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகை போயிருந்தது. திறந்தவர்களின் கைப்பேசியை எங்கிருந்தோ ஒரு திருடன் தன் வசமாக்கிக்கொண்டான். இனி அந்தம்மா கோயிலுக்குள் பூக்கட்டக்கூடாது என்று கோயில் தலைவர் உடையப்பன் சொல்லிவிட்டார்.

"ஏன் அத்தை தொறந்தீங்க?"

"தேடி வந்த பத்திரிகைய வேணாம்னு சொல்லலாமா? சாமி படத்துக்கிட்ட வச்சுக் கும்பிட்டுத்தான் தொறந்தேன். அது என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கினேன். ஆனா நான் யாருக்கும் அனுப்பல லா."

பத்திரிகை என்று வந்தது உண்மையில் ஒரு செயலி. பிரமிளா அதை சிம் இல்லாத பழைய கைப்பேசியில் ஏற்றி, கணினியோடு இணைத்து ஓடவிட்டாள். பிள்ளையார் படத்தைக் காட்டிவிட்டு அது சும்மா கிடந்தது. அது தானாக அனுப்பினால்தானே அத்தை சொன்னது மெய்யாகும். அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி நடத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் அது கைப்பேசியில் பதிந்த பெயர்களைத் தேடியது. ஒன்றுமில்லை என்றதும், ஆளில்லாத வீட்டைக் கண்ட பிச்சைக்காரன் போலத் திரும்பிவிட்டது.

பொய்ப் பெயர்கள் சிலவற்றைப் பதிந்தாள். அதற்குள் அவள் அழைத்திருந்த உடையப்பனும் கடைக்கு வந்து நின்றார்.

"பாருங்க தலைவரே, நான் கைய வைக்கல. அதுவாவே ஒவ்வொருத்தருக்கா அனுப்பப் பாக்குது."

"கம்ப்யூட்டர்ல என்னத்த வேணா காட்டலாம். அத்தைக்குத்தான பேசுவ?"

இருளாயி தலை நிமிரவில்லை. உடையப்பன் கிளம்பத் திரும்பியபோது அவர் கைப்பேசி அடித்தது. சித்தியவானில் இருக்கும் மருமகள் தினேஸ்வரி.

"மாமா, யாருக்குக் கல்யாணம்? பத்திரிகை அனுப்பியிருக்கீங்க, சொல்லவே இல்ல! இருங்க, தொறக்குறேன்."

"தொறக்காத! தொறக்காதம்மா!"

இருளாயி எண்ணிலிருந்து வந்ததைக் காலையில் உடையப்பனும் திறந்திருந்தார். பிரமிளா அவர் கைப்பேசியை வாங்கி, சிம்மைப் பிடுங்கினாள். உடையப்பன் அவளருகே வந்தார்.

"நெறைய பேருக்குப் போயிருக்குமா?"

"உங்க போன்ல பேரு இருக்கிறவங்களுக்கெல்லாம்."

அவர் கடைத் தொலைபேசியை எடுத்துக் கோயிலுக்கு அடித்தார். "யாரும் பத்திரிகைய தொறக்க வேணாம்னு மைக்ல சொல்லு. என் பேர்ல வந்ததத்தான் மொதல்ல சொல்லு." பிறகு இருளாயியிடம் மெதுவாக, "மாலை இன்னும் கட்டல அக்கா. வாங்க, போலாம்," என்றார்.