மேனேஜருக்கு மூளை இல்லை

அன்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் நான், என் மச்சான், பூதலூர்க்காரர் ஒருவர். மூவருக்கும் ஒரே வெளிநாட்டுக் கால்பந்து அணி. முந்தைய இரவு அது ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசியில் கோட்டை விட்டிருந்தது.

பூதலூர்க்காரருக்குப் பெரிய மீசை. பேசும்போது நெல்மணிகளைத் தரையில் ஆட்டக்காரர்களாக நிறுத்துவார்.

"மேனேஜருக்கு மூளையே இல்லைங்க. ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே பின்னால ஆள் போட வேணாமா?"

"ஆளுங்க ஓடலைன்னா அவரு என்னண்ணே பண்ணுவாரு?" என்றான் மச்சான்.

"முடிவெடுக்கத் தெரியணும் தம்பி!"

மேற்கே வானம் கறுத்தது. என் குவியலை எப்போதோ மூடியிருந்தேன். "உங்க நெல்லையும் படுதா போட்டு மூடிடுங்களேன்" என்றேன்.

"இருங்க, இந்த டிஃபென்ஸைச் சரி பண்ணிக்கறேன்" என்று ஒரு நெல்மணியை நகர்த்தினார்.

கொட்டித் தீர்த்தது. அவருடைய படுதா டிராக்டரில் மடித்தபடியே இருந்தது. ஈர நெல்லை எடுக்க மாட்டோம் என்றார்கள் நிலையத்தில். துண்டைப் பிழிந்துகொண்டே பூதலூர்க்காரர் சொன்னார்:

"பாத்தீங்களா, நேத்து அந்த முட்டாளும் இப்படித்தான் நின்னான்."

சிரிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மேனேஜரை அந்த வாரமே தூக்கிவிட்டார்கள். நெல்லைக் காயவைக்க ஆள்கூலி என்று இவர் என்னிடம் வாங்கியதில்தான் ஐந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.