வாரிஜா குந்தரின் பல்வலி

மல்பே மீன்பிடித் துறையில் நான் ஐஸ் உடைப்பவன். அங்கே மீன் விற்கும் வாரிஜா குந்தரின் வாயில் விழாத ஆள் யாரும் இல்லை. எனக்கு மட்டுமே ஏழு பட்டப்பெயர் வைத்திருந்தாள். அதில் இரண்டைத்தான் என் மனைவியிடம் சொல்ல முடியும்.

அந்த வாயின் இடது தாடையில்தான் வலி வந்தது. அயிலை மீன் கூடையைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறினால் சுண்டி இழுக்கும், நின்றால் போய்விடும். உடுப்பியில் பல் மருத்துவர் நாயக்கிடம் போனாள். சொத்தைப் பல் ஒன்று இருந்தது, பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கச் சொல்லி இவளே சண்டை போட்டாள். அதுவும் போயிற்று, வலி மட்டும் இருந்தது.

மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி ஏறியதும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. தாடையைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

"ஏன் டாக்டரே, பல்ல எல்லாம் சேத்து மாலை கட்டப் போறீங்களா?"

நாயக் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்ல."

"மெல்லும்போது?"

"இல்ல டாக்டரே. ஏறினாத்தான் வலிக்குது. உக்காந்தேன், இதோ போயிடுச்சு."

நாயக்கின் முகம் மாறியது. "மாடி ஏறறது பல்லுக்கு எப்படித் தெரியும்மா?" என்றவர், தன் காரிலேயே இதய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வழி முழுக்க அவருக்குத் திட்டு.

அங்கே டாக்டர் ஷைலா சோதனைகளைப் பார்த்துவிட்டு, வாரிஜாவின் கணவர் பாஸ்கரண்ணனையும் வரவழைத்துச் சொன்னார்: "இதய ரத்தக் குழாய் சுருங்கியிருக்கு, அந்த வலிதான் தாடைல தெரியுது. இதயத்துக்கு வெளிப்பக்கமிருந்துதான் ரத்தம் வருது. உள்பக்கச் சதைக்குப் போறது கடைசில. வேலை கூடினா அதுக்குப் பத்தறதில்ல. அங்க கொஞ்சம் கெட்டுப்போச்சு. நல்லவேளை, முழுச் சுவரும் போகல."

"உள்ள கெடக்கறவளுக்குக் கடைசிலதான் சோறா? எங்க வீட்டப் பாத்துக் கத்துக்கிச்சோ?" என்றாள் வாரிஜா. பாஸ்கரண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆனால் சிகிச்சைக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து, முதல்முறையாக என் சொந்தப் பெயரைச் சொன்னாள். "உமேசா, போயிடுவேனாடா?"

"நீ போனா எமன் வேலைய விட்டுட்டு ஓடிடுவான்க்கா" என்றேன். சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை. நர்ஸ்தான் பிரித்து எடுத்தாள்.

சுருங்கிய குழாயை விரிக்க ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து சந்தைக்கு வந்தாள், சுமை தூக்கக்கூடாது என்ற உத்தரவோடு. கூடை பாஸ்கரண்ணன் தலையில். அவள் கைவீசி முன்னால் நடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயக் மீன் வாங்க வந்தார். இருப்பதிலேயே நல்ல கிழங்கான் மீனாகப் பொறுக்கி வைத்து விலை சொன்னாள். அவர் திடுக்கிட்டார்.

"உசுரக் காப்பாத்தினதுக்கு நல்ல மீனு," என்றாள். "பல்லப் பிடுங்கினதுக்கு இந்த வெல."

அவர் பேரம் பேசவில்லை.