உறுமியைச் சுத்தம் செய்தவர்கள்

தைப்பூசத்துக்கு முன் வெளிவரவேண்டிய எங்கள் உறுமி மேளக் குழுவின் பாட்டைக் காரில் போட்டுக் கேட்டேன். பம்பை இருந்தது, ஜால்ரா இருந்தது, பாடிய எங்கள் தலைவரின் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. என் உறுமிதான் இல்லை. அடி மட்டும் கேட்டது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து, கை ஓயும்வரை நான் எழுப்பிய உறுமலைக் காணோம்.

செபராங் ஜெயாவில் ஒலிப்பதிவு செய்துகொடுத்தவருக்குப் போன் போட்டேன்.

"அதுவாண்ணே? ஊன்னு ஒரு நோய்ஸ் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கிளீன் பண்ணிட்டேன் லா."

நோய்ஸாம். தண்ணீர்மலைக் கோயிலில் காவடிக்காரருக்கு அருள் வருவதே அந்தச் சத்தத்தில்தான். இனி எவனையும் நம்புவதில்லை, நானே மிக்ஸிங் கற்றுக்கொள்கிறேன் என்று மைக் வாங்கினேன்.

நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரமெல்லாம் வீடியோவில் போனது. கித்தாருக்கு எங்கே மைக் வைப்பது என்று சொல்லித்தர ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். உறுமிக்கு ஒருவனும் இல்லை. வீட்டில் ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து, விசிறியை நிறுத்தி, வியர்வை சொட்ட வாசித்துப் பதிந்தேன். பிறகு மிக்ஸிங் மென்பொருளில் வீடியோக்காரன் முதலில் அழுத்தச் சொன்ன பொத்தானை அழுத்தினேன். இரைச்சலை நீக்கும் பொத்தானாம். என் கண்ணெதிரே உறுமல் போய்விட்டது. அந்த மென்பொருளுக்கும் செபராங் ஜெயாக்காரருக்கும் ஒரே காதுதான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுபடி வாசித்தேன். தேய்க்கும் பக்கத்துக்குத் தனியாக இன்னொரு மைக் வைத்தேன். குழுவில் மற்றவர்களின் பதிவுகளைச் செபராங் ஜெயாக்காரரிடம் கேட்டு வாங்கி, அவற்றோடு சேர்த்தேன். லீவு நாளெல்லாம் அதிலேயே போனது. கடைசியில் ஒருநாள் உறுமல் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைவரின் காரில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்த ஊங்காரத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சிடு. என் வாய்ஸை மறைக்குது லா."

காவடிக்கு முன்னால் நின்று, "இன்னும் இழு தம்பி, இன்னும் இழு" என்று என் காதில் கத்துகிற அதே ஆள்.

"கொறச்சிடுறேன்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவர் குரலைக் குறைத்தேன்.