எங்கள் வரிசைக்குக் கிடைத்த முதல் பரிசு

வீடு வீடாகப் போய்த் தண்ணீரையும் கரண்டையும் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள் என்று சொல்வதுதான் என் வேலை. நகராட்சித் திட்டமொன்றில் ஒப்பந்த வேலை, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். குழாய் முனையில் மாட்டும் சல்லடை, எல்இடி பல்பு, துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் தோள்பையில் போட்டுக்கொண்டு கொடைக்கானலில் நான் ஏறாத மேடு இல்லை. ஏரிக்கரை லாட்ஜ்காரர்கள் சீட்டை வாங்கி, படிக்காமலே தலையாட்டி, வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஏழைபாழைகள்தான் உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, ஒழுகாத குழாயையும் இறுக்கி மூடிக் காட்டுவார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் போய்ச் சிக்கனம் பேச வாய் கூசும். ஆனாலும் பேசினேன்.

போன வருஷக் கடைசியில் போட்டி வைத்தார்கள். ஒரு மாதத்தில் எங்கே மீட்டர் ஓட்டம் அதிகம் குறைகிறதோ, அந்தத் தெருவுக்கு ஒரு பரிசு, அந்த லாட்ஜுக்கு ஒரு பரிசு. நான் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள்தான் எங்கள் வரிசையில் அதிகம். எங்களை இந்த ஊரில் யாரும் எதற்கும் மேடையேற்றியது இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா லாட்ஜ் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். புருஷன் இல்லை, ஒரே மகளை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்தார். வரிசையிலேயே வேகமாக ஓடுவது அவர் வீட்டு மீட்டர்தான்.

"இந்த ஒரு மாசம் மட்டும் துவைக்கிற தண்ணிய கீழ ஊத்துல எடுத்துக்கலாமாக்கா?" என்று நான்தான் கேட்டேன்.

"பீலித் தண்ணியா? அதுல துவைச்சு வளந்தவதானே நான். முழங்கால்தான் ஏலாது, தங்கச்சி. சரி, நீ கேட்டுட்ட, எடுக்குறேன்" என்றார்.

பாறை இடுக்கில் செருகிய தகரத்தின் வழியே விழும் ஊற்றுத் தண்ணீரைத்தான் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பீலி என்பார்கள். அக்கா இறங்கியதும் வரிசையே இறங்கியது. குளிக்க, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் பீலிதான். வெள்ளென எழுந்து குடத்தோடு சரிவில் இறங்குவதும், மூச்சு வாங்க ஏறுவதும், யார் வீட்டுக் குழாய் திறந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துத் திட்டுவதுமாக ஒரே அமர்க்களம். மீட்டரைப் படித்து எழுதியது நான். எழுதிய எண்ணெல்லாம் உண்மை. வேறு தண்ணீர் எடுத்தோம் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

முதல் பரிசு எங்களுக்கே வந்தது. லாட்ஜ் பரிசு, அக்காவிடம் துவைக்கக் கொடுக்கும் அதே ஏரிக்கரை லாட்ஜுக்கு. துணி முழுவதையும் வெளியே கொடுத்தால் அவர்கள் மீட்டர் குறையாமல் என்ன செய்யும்? "அப்ப ரெண்டு பரிசும் எனக்குத்தானே தரணும்" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை வந்த தண்ணீர் வாரம் ஒருமுறை ஆனது. வால்வு திறப்பவரைப் பிடித்துக் கேட்டேன்.

"உங்க வரிசைக்கு அம்புட்டுத்தான் தேவைன்னு நீங்க குடுத்த பேப்பர்ல இருக்காம்ல. மிச்சத்த மேல் ரோட்டுக்குத் திருப்பச் சொல்லிட்டாங்க" என்றார்.

மேல் ரோட்டில் சீசனுக்குள் திறந்துவிட வேண்டும் என்று புது லாட்ஜுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பங்குனியில் பீலியும் சொட்டுச் சொட்டாகி நின்றது.

திட்ட அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பான ரிப்போர்ட் குடுத்தேன்னு எழுதிக் குடுங்கம்மா. தண்ணிய மறுபடி விடச் சொல்லி மேல அனுப்புறேன். ஆனா உங்க வேலை போயிரும், பாத்துக்கங்க."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்தேன். இன்றுவரை சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்பு, வீட்டு வாடகை என்று ஆயிரம் காரணம் அடுக்கலாம். உண்மையில் பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

துணி நேரத்துக்கு வராததால் லாட்ஜ்காரர்கள் மலையடிவாரத்தில் மெஷின் வைத்துத் துவைக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டார்கள். அக்கா, வத்தலக்குண்டுக்கு மகள் வீட்டோடு போக முடிவு செய்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன்.

"அந்த வெக்கை எனக்கு ஏலாது, தங்கச்சி. என்ன செய்ய?" என்றவர், பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. நல்லதுக்குத்தானே சொன்ன."

அந்த வெள்ளைத்தாளைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமலே கையசைத்து அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரம் வேறொரு தெருவுக்கு அனுப்பினார்கள். இந்த வருஷமும் போட்டி உண்டு. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நான் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டாள்.

"இப்பிடி மிச்சம் புடிச்சா எங்களுக்குத் தண்ணி கூடுதலா விடுவாங்களாக்கா?" என்றாள்.

"விடுவாங்கம்மா" என்றேன்.