நூல் கட்டாத ஆறு பைகள்

"இன்னும் கொஞ்சம் அழுத்தி உக்காருங்க சார்."

பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார், அதனால் எடை கூடும் என்பதுபோல. கீழே டாக்சிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். அவள் தரையில் மண்டியிட்டு, ஜிப்பின் பற்களைக் கவ்வ வைக்கும் ரன்னரின் இரு பக்கத்தையும் குறடால் ஒரு நெருக்கு நெருக்கினாள். இழுத்தாள். ஒரே ஓட்டம். பெட்டி வாயை மூடிக்கொண்டது.

"அவ்வளவுதானா? புதுப் பெட்டி வாங்கலாம்னு இருந்தேனே!"

"அவ்வளவுதான். இன்னும் எழுந்திருக்காதீங்க."

ஜிப்பைப் பத்து முறை திறந்து மூடினாள். பிறகு மடியிலிருந்து ஒரு துண்டு மஞ்சள் நூலை எடுத்து ரன்னரின் வளையத்தில் இரண்டு முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்தாள். கக்கத்தில் நோட்டீஸ் கட்டோடு வாசலில் நின்ற கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

படியிறங்கும்போது ஆரம்பித்தான். "அண்ணி, எத்தனை தடவை சொல்றது? அந்த நூலைக் கட்டாதீங்க. இது ஒட்டுப்போட்ட பைன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிக்குது."

"பார்த்தாச்சுங்கிறதுக்கு அடையாளம் தம்பி."

"அது ஃபேக்டரியில. இங்க நீங்க ஒரு பிராண்டு."

ஃபேக்டரியில் பதினான்கு வருஷம். பைகள் செய்யும் இடம். அவளுடையது கடைசி மேசை. பை வரும், பத்து முறை ஜிப்பைத் திறந்து மூடுவாள், மஞ்சள் நூல் கட்டுவாள், அதன் பிறகுதான் அது பெட்டிக்குள் போகும். நூல் இல்லாத பை அவளுக்குப் பாதிச் சோறோடு எழுந்துபோன ஆள் மாதிரி. மனிதர்களின் முகத்துக்கு முன்னால் அவர்கள் பையின் ஜிப்பைப் பார்த்துவிடுகிற பழக்கமும் அங்கே வந்ததுதான். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். ஒருநாள் அவனுடைய தோல் பை வாயைப் பிளந்துகொண்டு சில்லறையைச் சிந்தியபோது கடைசி நிறுத்தம்வரை கூடவே போய்ச் சரிசெய்து கொடுத்தாள். எட்டு மாதத்தில் கல்யாணம். பை இன்னும் ஓடுகிறது.

அறுந்த ஜிப்பை வீட்டுக்கே வந்து சரிசெய்தால் என்ன என்பது அவள் யோசனை. 'ஜிப்நோவா' என்று பெயர் வைத்தது கொழுந்தன். தொழில் தொடங்குவது பற்றி அவன் பார்க்காத வீடியோ இல்லை. மேற்பார்வையாளர் ஒரு மாதம் விடுப்புக் கொடுத்திருந்தார். சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்: திரும்பி வருகிறாளா, இல்லை அவள் உட்கார்ந்த ஸ்டூலில் வேறு ஆளா? பெட்டியைச் சரிசெய்த அன்று செவ்வாய்.

மூன்று வாரத்தில் ஆயிரம் நோட்டீஸ் போனது. நான்கு அழைப்பு வந்தது. ஒன்று, தாள் நல்ல கனமாக இருக்கிறது, அலமாரியில் விரிக்க இன்னும் கிடைக்குமா என்று. ஒன்று தவறான எண்; ஆனாலும் அந்த அம்மாள் மருமகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். ஒன்று, போன் வேலை செய்கிறதா என்று புருஷன் அடித்துப் பார்த்தது. நான்காவது அந்தப் பெட்டிக்காரர்.

"கடைசி ஆயுதம்," என்றான் கொழுந்தன். புதன்கிழமை பெட்டிக்காரரின் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் மேசை போட்டான். முதல் ஆறு பேருக்கு இலவசம் என்று அட்டை. அண்ணிக்கு ஒரே நிபந்தனை, நூல் கிடையாது. ஆறு பேர் பையைக் கொடுத்தார்கள். ஏழாவதாக வந்தவர் அட்டையைப் படித்தார், விரலால் எண்ணினார், திரும்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னாச்சு?" என்றான் புருஷன்.

"ஆறு பை நூலில்லாமப் போயிருக்கு."

"போனா போகட்டும். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்க்கிறேனே."

வெள்ளிக்கிழமை காலை நூலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். முதலில் ஐந்தாம் மாடி டீச்சர் வீடு. கதவைத் திறந்த டீச்சர், "இலவசம்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"காசுக்கு வரல டீச்சர். பையைக் கொஞ்சம் குடுங்க, நூல் கட்டணும்."

வாசலிலேயே உட்கார்ந்து ஜிப்பைத் திறந்து மூடினாள். ஒன்று, இரண்டு. எட்டாவது இழுப்பில் ரன்னர் தடுக்கியது. அவளுக்குக் காது சுட்டது. நூல் இல்லை என்றதும் கை எண்ணுவதையும் விட்டுவிட்டிருக்கிறது. குறடை எடுத்தாள், நெருக்கினாள், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். பத்து. முடிச்சு.

"சரியாப் பார்க்காம குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

"இதுக்கா அஞ்சு மாடி ஏறி வந்தீங்க? மிக்ஸி வித்தவன் நான் போன் பண்ணினாலே எடுக்க மாட்டேங்கிறான். நீங்க கூப்பிடாமலே வந்து நிக்கிறீங்க!"

டீச்சர் உள்ளே போனாள். வரும்போது கையில் வீட்டுக்காரரின் மழைக்கோட்டு, இரண்டு மெத்தை உறை, ஒரு பழைய கைப்பை. "இதையும் பாருங்க. இதுக்குக் காசு வாங்கிக்கணும், ஆமா." கையோடு எதிர் வீட்டுக் கதவையும் தட்டினாள்.

மற்ற ஐந்து வீட்டிலும் ஏறக்குறைய அதே கதை. வேன் ஓட்டுபவர் மட்டும் கொடுக்க எதுவுமில்லை என்று வருத்தப்பட்டார். அதற்குப் பதில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மஞ்சள் முடிச்சைப் படமெடுத்துப் போட்டு, 'இந்தம்மா திரும்பி வந்து பார்க்கிறாங்க' என்று எழுதினார். சாயங்காலத்திலிருந்து போன் ஓயவில்லை. ஜிப்நோவா என்று ஒருவரும் சொல்லவில்லை. "மஞ்ச நூல்காரம்மாவா?" என்றுதான் கேட்டார்கள்.

சனிக்கிழமை வந்த கொழுந்தன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே கால் வைக்க இடமில்லை. அவன் அண்ணன் இரண்டு சூட்கேசுக்கு நடுவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படி அண்ணி?"

"நூல் கட்டப் போனேன்."

அவன் வாசலிலிருந்தே பைகளை எண்ணினான். "வீடியோவுல இதுக்கு ஒரு பேர் சொல்வாங்க அண்ணி."

"இருக்கட்டும். அந்தப் பையை நகர்த்திட்டு உக்காரு."

மேற்பார்வையாளர் ஐந்து மணிக்குப் போன் செய்தார். "என்னம்மா, ஸ்டூலைத் துடைச்சு வைக்கட்டுமா?"

அவள் அறையைப் பார்த்தாள். பத்தொன்பது உருப்படி. பதினான்கு வருஷம் உட்கார்ந்த ஸ்டூல். ஒரு கால் கொஞ்சம் குட்டை.

"வேற யாரையாவது உக்கார வைங்க சார். எண்ணி எண்ணிப் பார்க்கிற ஆளா வைங்க."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது. "சரிம்மா. வந்து... என் பொண்ணோட ஸ்கூல் பை ஒண்ணு ஜிப் போய்க் கிடக்கு."

"நம்ம ஃபேக்டரி பையா சார்?"

"அதையெல்லாம் கேக்காதம்மா."

கொழுந்தன் சிரித்ததில் பக்கத்திலிருந்த சூட்கேஸ் சரிந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிக்கு எழுந்தாள். பன்னிரண்டு ஜிப் முடிந்தது, ஒன்றுக்கு ரன்னர் கிடைக்கவில்லை. கொழுந்தன் மிச்ச நோட்டீஸை நான்காகக் கிழித்து, வெற்றுப் பக்கத்தில் வீட்டு எண் எழுதி ஒவ்வொரு பையிலும் செருகினான். புருஷன் வேலை முடிந்து வரும்போது மஞ்சள் நூல்கண்டு இரண்டு வாங்கி வந்தான். மதியம் லேசாக மழை பெய்தது. மேற்பார்வையாளர் நான்கு மணிக்குப் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.