பத்துத் தூண்

ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு வைத்த பரீட்சையை நான் எழுதிவிட்டு, அவள் தேறிவிட்டாள் என்று சந்தோஷமும் பட்டேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில்வரை அவள் நிற்காமல் நடப்பவள். அந்த வருஷம் வழியில் மூன்று கடைகளில் நின்று வேடிக்கை பார்த்தாள். "கடையைக் கண்டா உனக்குக் கால் நகராதே" என்று கேலி செய்தேன். மூன்றாவது, கரிக்கடை. கரியில் என்ன வேடிக்கை என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கால் வீங்கி, மூன்று தலையணை வைத்தும் அவளால் படுக்க முடியாமல் போன பிறகுதான் ரிக்‌ஷா பிடித்தேன்.

இருதயம் களைத்துவிட்டது என்றார் டாக்டர். பத்து நாள் படுக்கை. அவளோ வீட்டுக்குப் போகணும் என்று ஒரே பிடிவாதம். பதினோராம் நாள் டாக்டருக்கு உதவியாளரான தமிழ் டிரெஸ்ஸர் ஒருவர் வந்து நீளத் தாழ்வாரத்தைக் காட்டினார்.

"பத்துத் தூண் இருக்கு, ஐயா. அம்மா பேசிக்கிட்டே கடைசித் தூண்வரைக்கும் நடந்துட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். கூடவே போங்க. பேச்சு எந்தத் தூண்ல அறுந்துபோகுதுன்னு எண்ணிச் சொல்லுங்க."

நடந்தோம். பயம் வந்தால் என் வாய் நிற்காது. நான் கருக்கிய சட்டி, பக்கத்து வீட்டு ஆடு தின்ற என் வேட்டி, எல்லாம் சொல்லி முடிக்கையில் பத்தாம் தூண். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"பத்தும் ஆச்சு!" என்று கத்தினேன்.

"அம்மா என்ன பேசுனாங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூட இல்லை.

"ஐயாவோட இருதயம் நல்லா இருக்கு லா" என்றார் டிரெஸ்ஸர். "அம்மா கொஞ்சம் உக்காரட்டும். மறுபடி நடங்க. நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

அரைமணி கழித்து மறுபடி புறப்பட்டோம். கோழிகளைப் பற்றி ஆரம்பித்தாள். முதல் தூணில் முழுப் பேச்சு, மூன்றாவதில் பாதி. நான்காவதில் "அந்தச் செவலைக்கு..." என்றாள், அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. பேசாமல் இருப்பது இவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. டிரெஸ்ஸருக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் என் முன் விரித்தாள். பத்து என்று சொல்லச் சொல்கிறாள்.

பொய் எனக்குப் புதிதில்லை. ஆனால் படுக்கவும் முடியாமல் அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு திணறியது கண்ணுக்குள் நின்றது.

"நாலு" என்றேன்.

டிரெஸ்ஸர் எழுதிக்கொண்டார். இன்னும் பத்து நாள் படுக்கை.

கட்டிலில் சாய்த்துவிட்டு, "கோபமா?" என்று கேட்டேன்.

"மூச்சு வரட்டும், சொல்றேன்."