கடைசி மூன்று எண்கள்

நான் மேலூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தபோது அந்த லாரி ஓட்டுநர் என் மேசைக்கு வந்தார். கல்குவாரித் தூசி புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்துப் பிரித்தார், மடித்தார், மறுபடியும் பிரித்தார். அப்படி மடித்து மடித்தே அதில் கிளையின் பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது.

“மக அனுப்புனது சார். தானாக் கல்யாணம் முடிச்சுக்கிட்டுப் போனா. இந்தப் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன். இப்பத் தபால்ல இது மட்டும் வந்துருக்கு, அட்ரஸ் இல்ல. கீழ இருக்குற நம்பர வச்சு ஊரக் கண்டுபிடிக்கலாமாமே?”

அடியில் இருந்த ஒன்பது இலக்க எண்ணைக் காட்டினேன். “மொத மூணு ஊரு. அறுநூத்தி இருபத்தஞ்சுன்னா மதுரை. நடு மூணு பேங்க்.”

“மதுரையா?” அவர் குரல் இறங்கியது. “வடக்க எங்கயோ போயிட்டான்னுல்ல நெனச்சேன். தெனமும் அந்த வழியாத்தான சார் லோடு ஏத்திக்கிட்டுப் போறேன்.”

“கணக்கு அங்க இருக்கு. ஆளும் அங்கதான் இருக்கணும்னு இல்ல. கடைசி மூணு, கிளை. பாத்துச் சொல்லவா?”

சட்டென்று அந்த எண்களை விரலால் மறைத்தார்.

“வேணாம் சார். தெரிஞ்சா அந்த வாசல்ல போயி நின்னுருவேன். வராதன்னு சொன்னவன் நான். அவளாக் கூப்புடட்டும்.”

மூன்று மாதத்துக்குள் போடாவிட்டால் காசோலை செல்லாது என்றேன். தலையாட்டிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அது எங்கள் கிளைக்கு வரவே இல்லை. மகள் கூப்பிட்டாளா என்றும் தெரியாது. மதுரைச் சாலையில் கல் ஏற்றிய லாரி மெதுவாகப் போனால், இன்றும் ஓட்டுநரின் முகத்தை எட்டிப் பார்க்கிறேன்.